பன்னிரண்டாவது வாரத்தில் ஐந்து நிமிஷம்

போகிக்குப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்று கையில் சிக்கியது. 2019ஆம் வருடத்து ஃபைல். அம்மா தூக்கிப் போடச் சொன்னார். நான் போடவில்லை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்தால் ஒருமுறை படித்துப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டான்.

அதில் பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்த ரிப்போர்ட் இருந்தது. என்.டி. ஸ்கேன் என்று எல்லோரும் சொல்வார்களே, அதுதான். குழந்தையின் நீளம், கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர்ப்படலத்தின் அளவு, மூக்கெலும்பு தெரிகிறதா, இதயத் துடிப்பு எவ்வளவு என்று வரிசையாக அச்சடித்த கட்டங்கள். எல்லாவற்றிலும் எண்கள் நிரப்பியிருந்தார்கள். கடைசிக்கு முந்தைய வரி: ‘கருப்பைத் தமனி பி.ஐ. - வலது, இடது’. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. வெறும் கோடு. அதே தேதியில் டாக்டர் எழுதிய பக்கத்தைப் புரட்டினேன். எடை எழுதியிருந்தது, மாத்திரைகள் எழுதியிருந்தன. ரத்த அழுத்தம் எழுதவில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு காலி இடங்களைப் பற்றியது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கிற மாணவன், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரை எதுவும் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன்.

அக்காவுக்கு என்ன நடந்தது

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அக்காவுக்கு அது முதல் பிரசவம். ஐந்தாவது மாதத்தில் ஒரு பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். ‘எல்லாம் நார்மல்’ என்று வந்ததும் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். ஏழாவது மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த இரண்டு வாரத்தில் தலைவலி. காலும் முகமும் வீங்கின. “முதல் பிரசவம்னா அப்படித்தான் இருக்கும், உப்பைக் குறைச்சுக்கோ” என்றார் பாட்டி. அக்காவும் “அதான் ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்களே” என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஒருநாள் இரவு கண்ணெதிரே பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். ஆட்டோ பிடித்து ஓடினோம். பி.பி. 170க்கு 110. சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஆபரேஷன். முப்பத்தோராவது வாரம். குழந்தை ஒரு கிலோ நூறு கிராம். நாற்பது நாளுக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். என் மாமாவின் முகம் அந்த நாற்பது நாளில் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியாது.

அவன் பிழைத்துக்கொண்டான். இப்போது ஒன்றாம் வகுப்பு போகிறான், என் லேப்டாப்பில் பாதி எழுத்துகளைப் பிடுங்கிவிட்டான். ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை.

இது என்ன நோய்?

கர்ப்பத்தில் இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் போய், கூடவே சிறுநீரில் புரதம் வந்தாலோ கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அதற்கு ப்ரீஎக்லாம்ப்சியா என்று பெயர். முற்றினால் வலிப்பு வரும். நம் பாட்டிமார் ‘பிரசவ ஜன்னி’ என்று பயத்தோடு சொன்னது இதைத்தான். உலகத்தில் பிரசவத்தை ஒட்டித் தாய்மார்கள் இறப்பதற்கான பெரிய காரணங்களில் ரத்தப்போக்குக்கு அடுத்து நிற்பது இந்த ரத்த அழுத்தக் கோளாறுகள்தான்.

வேடிக்கை என்னவென்றால் (வேடிக்கை என்று சொல்லக்கூடாதுதான்) நோய் வெளியே தெரிவது ஏழாவது, எட்டாவது மாதத்தில். ஆனால் அதன் விதை விழுவது முதல் சில மாதங்களில்.

எங்கள் ஊர்ப்பக்கம் வயல் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் மடை குறுகலாக இருந்தால் வயலுக்குப் போய்ச் சேராது. கருப்பைத் தமனிதான் வாய்க்கால். அதிலிருந்து பிரிந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் சிறுசிறு சுருள் தமனிகள்தான் மடைகள். கர்ப்பம் ஆரம்பித்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் இந்தச் சுருள் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, பல மடங்கு அகலமாக்கிவிடுகின்றன. பிரசவம் நெருங்கும்போது கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்வது இதனால்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த ப்ரோசன்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1967இல் இதை விவரித்து எழுதினார்கள்.

சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. மடை குறுகலாகவே இருக்கிறது. நஞ்சுக்கொடி மூச்சுத் திணறுகிறது. திணறும் நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில புரதங்களைக் கொட்டுகிறது. அவை தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. அதில் முக்கியமான ஒரு புரதத்தை 2003இல் அடையாளம் காட்டிய ஆராய்ச்சிக் குழுவை நடத்தியவர் பாஸ்டனில் இருந்த அனந்த் கருமாஞ்சி. சென்னையில் மருத்துவம் படித்துவிட்டுப் போனவர். நம் ஆள் என்று ஒரு நிமிஷம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

வாய்க்காலைப் பார்த்து மடையைக் கண்டுபிடிப்பது

சுருள் தமனிகளை நேரடியாக அளக்க முடியாது, ரொம்பச் சின்னது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்தே மடை திறந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுதான் டாப்ளர் ஸ்கேன்.

கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றித்தான் எழுதினார். கர்ப்பிணிகளைப் பற்றி அவர் நினைத்தே இருக்க மாட்டார். நம்மை நோக்கி வரும் ரயிலின் விசில் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தாழ்ந்தும் கேட்கிறதே, அதே தத்துவம். ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலி அலையின் அதிர்வெண் மாறுகிறது. மாறிய அளவை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம். கர்ப்பத்தில் ஸ்கேன் என்பதையே ஆரம்பித்துவைத்தவர் கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்ட். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் பார்க்கும் கருவியைத்தான் அவர் மனித வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தார். அவருடைய கட்டுரை 1958இல் வந்தது. தாயின் கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை டாப்ளரால் அளக்கலாம் என்று லண்டனில் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் குழுவினர் எழுதியது 1983இல்.

இனி அந்த பி.ஐ. என்கிற எண். இதயம் துடிக்கும்போது ரத்தம் வேகமாகப் பாய்கிறது, இரண்டு துடிப்புக்கு நடுவில் வேகம் குறைகிறது. உச்ச வேகத்திலிருந்து குறைந்த வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுத்தால் வருவது பி.ஐ. உதாரணத்துக்கு நானே போட்ட கணக்கு: உச்சம் 80, குறைந்தது 40, சராசரி 53 என்றால் பி.ஐ. 0.75. மடை திறந்திருக்கிறது, இதயம் ஓய்வெடுக்கும்போதும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உச்சம் அதே 80, ஆனால் குறைந்தது 10, சராசரி 33 என்றால் பி.ஐ. 2.1. எதிரே தடை அதிகம், தள்ளினால்தான் ஓடுகிறது.

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. டாப்ளரில் கோணம் தப்பானால் வேகம் தப்பாக வரும் என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் பி.ஐ. ஒரு விகிதம். மேலேயும் கீழேயும் ஒரே கொசைன் வருவதால் அடிபட்டுப் போய்விடுகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். (அதற்காகக் கோணம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.)

11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள், வலது இடது இரண்டு பக்கமும் பார்த்து, ஒரே மாதிரியான மூன்று அலைகளாவது வந்தபிறகு அளந்து, சராசரி எடுக்க வேண்டும். அதே மெஷின், அதே படுக்கை, அதே நாள். பழகிய கைக்கு ஐந்து நிமிஷ வேலை. குழந்தைக்கு ஆபத்தா என்று கேட்பவர்களுக்கு: அலையைக் குவிப்பது தாயின் ரத்தக்குழாயின் மேல், குழந்தையின் மேல் அல்ல. சக்தியையும் குறைவாகவே வைக்கச் சொல்லி விதி இருக்கிறது.

சரி, தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. ரொம்ப வருஷம் இதற்குப் பதில் இல்லை.

இருபத்துமூன்றாவது வாரத்தில் டாப்ளர் பார்த்து ‘இவர்களுக்கு வரலாம்’ என்று சொல்வதில் 2000ஐ ஒட்டிய வருடங்களிலேயே ஓரளவு வெற்றி கிடைத்திருந்தது. அப்படி ஓட்டம் சரியில்லாத 560 பெண்களை எடுத்து, பாதிப் பேருக்கு தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2003இல் வந்தது. பயன் இல்லை. கணித்தது சரி, தடுக்க முடியவில்லை. நாற்று அழுகியபிறகு மடையைத் திறந்த கதைதான்.

லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியின் கிப்ரோஸ் நிக்கோலைடஸ் இந்த விஷயத்தை விடவில்லை. 2003 ஆய்விலும் அவர் இருந்தார். கர்ப்பிணிகளைக் கவனிக்கும் முறையே தலைகீழாக இருக்கிறது என்று 2011இல் அவர் எழுதினார். ஆரம்பத்தில் எப்போதாவது, பிறகு மாதம் ஒருமுறை, கடைசியில் வாரம் ஒருமுறை என்று நாம் போகிறோமே, அந்த அட்டவணை இங்கிலாந்தில் 1929இல் போட்டது. ஆபத்து யாருக்கு என்று முதல் மூன்று மாதத்திலேயே தெரியும்போது கவனத்தையும் அங்கேதான் குவிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

2017இல் ஆஸ்ப்ரே என்ற ஆய்வின் முடிவு வந்தது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளும் இஸ்ரேலும் சேர்ந்து நடத்தியது. இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதினோராவது முதல் பதினான்காவது வாரத்துக்குள் சோதித்தார்கள். டாப்ளர் மட்டும் அல்ல, நான்கு விஷயம்: வயது, எடை, முந்தைய பிரசவம் போன்ற விவரங்கள், சரியாக அளந்த ரத்த அழுத்தம், கருப்பைத் தமனி பி.ஐ.; நஞ்சுக்கொடி சுரக்கும் பி.எல்.ஜி.எஃப். உள்ளிட்ட புரதங்களுக்கான ரத்தப் பரிசோதனை. நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டு, நூற்றில் ஒன்றுக்கு மேல் ஆபத்து வந்தவர்களில் 1,776 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், முப்பத்தாறாவது வாரம் வரை.

37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு நோய் முற்றியவர்கள்: வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் கூட்டத்தில் 1.6 சதவீதம். பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது.

மாத்திரை கிட்டத்தட்ட அதேதான். மாறியது காலம். இருபத்துமூன்றாவது வாரத்தில் வீணாகப் போன மருந்து பன்னிரண்டாவது வாரத்தில் வேலை செய்தது. அதனால்தான் அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த அந்தக் கோடு எனக்கு உறுத்துகிறது. அது 2019. ஆஸ்ப்ரே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அச்சடித்த தாளில் இடம் இருந்தது. நிரப்ப ஆள் இல்லை, அல்லது நேரம் இல்லை.

ஆனால் இது ஜோசியம் இல்லை

இங்கேதான் நான் இன்னொரு கூட்டத்தோடு சண்டைக்குப் போகிறேன். ‘பி.பி. வருமா என்று முன்கூட்டியே சொல்லும் ஸ்கேன்’ என்று சில ஸ்கேன் சென்டர்களில் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். அப்படிப் பேசுவது தப்பு.

மேலே சொன்ன 4.3 சதவீதத்தை இன்னொரு முறை பாருங்கள். ‘உங்களுக்கு ஆபத்து அதிகம்’ என்று முத்திரை குத்தப்பட்டு, மருந்தும் கிடைக்காத நூறு பெண்களில் 37 வாரத்துக்கு முன் இந்த நோய் வந்தது நாலைந்து பேருக்குத்தான். மீதித் தொண்ணூற்றைந்து பேருக்கு அந்த ஆபத்து வரவில்லை. ஆக ரிப்போர்ட்டில் ‘ஹை ரிஸ்க்’ என்று பார்த்ததும் ராத்தூக்கம் கெட்டு அழ வேண்டிய அவசியம் இல்லை. வானிலை ஆய்வு மையம் கனமழை எச்சரிக்கை விட்டால் குடை எடுத்துக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான். கணக்குப் போட்டால் சுமார் 37 பெண்கள் ஆஸ்பிரின் எடுத்தால் ஒருவருக்கு இந்த முன்கூட்டிய ஆபத்து தவிர்கிறது. குடை விலை குறைவு, மழையில் நனைந்தால் உயிர் போகும் என்னும்போது இந்தக் கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது. குடை விலை அதிகமாக இருந்தால் இப்படிச் சொல்ல மாட்டேன்.

மறுபக்கமும் உண்டு. டாப்ளரை மட்டும் தனியாக நம்பினால் அது பலவீனமான கருவி. 2001இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் 11-14 வாரத்தில் டாப்ளர் மட்டும் பார்த்த ஒரு லண்டன் ஆய்வில், பி.ஐ. 2.35க்கு மேல் இருப்பதை எல்லையாக வைத்தார்கள். பின்னால் ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்களில் அது பிடித்தது நான்கில் ஒருவரைவிடக் கொஞ்சம் அதிகம், 27 சதவீதம். 32 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைத்த கடுமையான நோயை மட்டும் எடுத்தால் 60 சதவீதம். நான்கு விஷயத்தையும் சேர்த்தால்தான் முன்கூட்டி வரும் நோயில் நான்கில் மூன்று பங்கைப் பிடிக்க முடிகிறது. மாதம் நிறைந்தபிறகு வரும் நோயில் பாதியைக்கூடப் பிடிப்பதில்லை. ஆஸ்பிரினும் அதைத் தடுப்பதாகத் தெரியவில்லை.

இதனால்தான் எல்லா நாட்டு மருத்துவ அமைப்புகளும் ஒரே மாதிரி பேசவில்லை. உலக மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2019இல் எல்லோருக்கும் இந்தக் கூட்டுச் சோதனையைச் செய்யச் சொன்னது. அமெரிக்காவிலோ வயது, எடை, பழைய நோய், முந்தைய பிரசவம் இவற்றைக் கேட்டு முடிவு செய்து 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள், டாப்ளரைக் கட்டாயமாக்கவில்லை.

ஆக, ‘டாப்ளர் நார்மல், இனி பயமில்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் அக்காவைப் படுக்கவைத்ததே அந்த ‘நார்மல்’ என்ற வார்த்தைதான். ஐந்தாம் மாத ஸ்கேன் பார்த்தது குழந்தையின் உறுப்புகளை. அவள் அதைத் தன் உடம்புக்கும் சேர்த்துக் கொடுத்த சர்டிஃபிகேட் என்று நினைத்துக்கொண்டாள். நாங்களும்தான்.

நம் ஊருக்கு இது ஒத்துவருமா?

‘இதெல்லாம் லண்டனுக்கு சரி, நம் ஊருக்கு?’ என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆஸ்ப்ரே ஆய்வில் இந்தியா இல்லை. டாப்ளர் பழகிய கை எல்லா ஊரிலும் இல்லை. பி.எல்.ஜி.எஃப். பரிசோதனைக்குச் செலவு அதிகம். பெண்சிசுவைக் காக்க 1994இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்ப வேண்டும். அந்தச் சட்டம் அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதனாலேயே மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது.

இதற்கும் ஃபிகோவே வழி சொல்லியிருக்கிறது: இரண்டு படி. முதல் படியில் எல்லோருக்கும் விவரம் கேட்பதும் ரத்த அழுத்தம் அளப்பதும். அதில் சந்தேகம் வருபவர்களுக்கு மட்டும் டாப்ளரும் ரத்தப் பரிசோதனையும். முதல் படிக்கு வேண்டியது ஒரு பி.பி. மெஷினும் ஒரு பேனாவும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரண்டும் இருக்கின்றன. ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, இரண்டு கையிலும், இரண்டு தடவை. ஓடிவந்து மூச்சு வாங்கும் பெண்ணுக்கு நின்றபடியே பட்டை கட்டி எழுதுவதில் பயனில்லை. அக்காவின் ஃபைலில் அதுகூட இல்லை என்பதுதான் என் வருத்தம். கோடிக்கணக்கில் மெஷின் வாங்கிவிட்டு, ரத்த அழுத்தத்தை எழுத மறந்துபோனால் அதற்கு இன்ஜினியரிங்கில் மருந்து இல்லை.

நம்மால் முடியாது என்றும் நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள், அப்போது இந்திய சராசரி 97. கர்ப்பம் என்று தெரிந்ததுமே பதிவு செய்வது இங்கே பழக்கமாகிவிட்டது, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கே அது தேவை. பன்னிரண்டாவது வாரத்தில் பெண் நம் கண்ணில் படுகிறாள் என்பதே பெரிய விஷயம். இந்தியக் கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் 2019 முதல் ‘சம்ரக்ஷண்’ என்ற திட்டத்தில் முதல் மூன்று மாத டாப்ளரையும் ஆஸ்பிரினையும் இங்கேயே செய்து பார்க்கிறது. ஆக, வழி இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவதை வழக்கமாக்க வேண்டியதுதான் பாக்கி.

இன்னொரு விஷயம், இதை எந்த வெளிநாட்டுக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் ஏழாவது, எட்டாவது மாதத்தில் ஊர் மாறுகிறார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வருகிறார்கள். டாக்டர் மாறுகிறார், ஆஸ்பத்திரி மாறுகிறது, வழக்கமான செக்கப் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகிறது. பி.பி. எகிறுகிற காலமும் சரியாக அதுவேதான். அக்கா வந்த பதினைந்து நாளில் ஒருவரும் அவள் கையில் பட்டை கட்டவில்லை. பன்னிரண்டாவது வாரத்திலேயே ‘இவளுக்கு வாய்ப்பு அதிகம்’ என்று சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வரி அவளோடு பேருந்தில் ஏறி எங்கள் ஊருக்கு வந்திருக்கும். பாட்டி உப்பைக் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக அப்பா பி.பி. மெஷின் வாங்கி வந்திருப்பார். இந்தச் சோதனையின் உண்மையான பலன் எனக்குத் தெரிந்து அதுதான். மாத்திரை பாதி, வீட்டாரின் கண் திறப்பது மீதி.

கடைசியாக

அந்த ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் அக்காவுக்கு நோய் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பிரின் எடுத்தவர்களிலும் 1.6 சதவீதம் பேருக்கு வந்ததே. அந்த ஆஸ்பத்திரியைத் திட்டவும் நான் இதை எழுதவில்லை. அந்த ராத்திரி அவளைக் காப்பாற்றியவர்களும் டாக்டர்கள்தான். வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் போட்டார்கள். அதன் பலனை 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்து உறுதிசெய்த ஆய்வு 2002இல் வந்தது. வந்தபிறகு காப்பாற்ற நமக்கு நன்றாகவே தெரிகிறது. வருவதற்கு முன் எட்டிப் பார்க்கத்தான் சோம்பேறித்தனம்.

என் கருத்து இவ்வளவுதான். பன்னிரண்டாவது வாரத்தில் டாப்ளர் பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் தனியாக அல்ல, ரத்த அழுத்தத்தோடு சேர்த்து. எண்ணை அச்சடித்துக் கையில் கொடுப்பதோடு முடித்துக்கொள்ளவும் கூடாது. ஆபத்து அதிகம் என்று வந்தால் பதினாறாவது வாரத்துக்குள் என்ன செய்யப்போகிறோம் என்ற முடிவும் கூடவே வரவேண்டும். இந்த இரண்டும் இல்லாத டாப்ளர் பில்லில் கூடுதலாக ஒரு வரி, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாராவது இப்போது கர்ப்பமாக இருந்தால், பன்னிரண்டாவது வார ஸ்கேனுக்குப் போகும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: “டாக்டர், எனக்கு பின்னாடி பி.பி. வர வாய்ப்பு எவ்வளவு, ஆஸ்பிரின் தேவைப்படுமா?” ஒவ்வாமை, அல்சர், ரத்தப்போக்கு இருக்கிறவர்களுக்கு அது ஆகாது, அதனால் முடிவு அவர்களுடையது. கேள்வி மட்டும் நம்முடையது. அப்புறம் எந்த மாதமாக இருந்தாலும் விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, திடீர் வீக்கம் வந்தால் தைலம் தேடாதீர்கள். ஆட்டோவைத் தேடுங்கள்.

ஃபைலைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இதெல்லாம் இப்ப எதுக்குடா, புள்ளதான் நல்லா இருக்கானே” என்றாள். பிறகு, “அடுத்த தடவை கேட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

ஃபைல் மறுபடியும் பரணுக்குப் போகவில்லை. என் மேஜையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டு ரிப்போர்ட்டுகளில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா? ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.